கிளட்ச் கடிக்கிற இடம்

மகளுக்கு 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். எடுத்தாச்சு. 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்ட். அதுவரை உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்போதைக்கு அது நான்தான்.

நேர் ரோட்டில் பிரச்சினையே இல்லை. பாலத்து ஏற்றத்தில் நின்றால்தான் கதை. வண்டி பின்னால் உருளும், ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்குவார். "ஹேண்ட் பிரேக்கை இழு. கிளட்ச்சை மெதுவா விடு, வண்டி லேசா உறுமும் பாரு, அப்ப ஆக்சிலரேட்டர் கொடு. கடைசியா ஹேண்ட் பிரேக்கை இறக்கு."

"அப்பா, நீங்க கத்தாம சொல்லுங்க."

18 ஆவதற்கு முன்னாடியே அவளிடம் சாவி கொடுக்கச் சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. 2019 சட்டத் திருத்தப்படி சிறார் ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், சிறையும்கூட. அவர்களா வந்து கட்டுவார்கள்?

நாளைக்கு ரிவர்ஸ். அவள் அம்மா ஏற்கெனவே கேட்டோரத்துப் பூந்தொட்டிகளை மாடிக்கு ஏற்றிவிட்டாள்.