ஊறிய தூரிகை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தனர். கல்லூரியின் வரலாறு, அதிபர்களின் தொண்டு, விளையாட்டு வெற்றிகள் என்பன பற்றி எழுதத் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். யாம் எழுதப் புகுவது மிகச் சிறியதொரு பொருள்: முகச்சவரம் செய்யுமுன் தூரிகையை நீரில் ஊறவைத்தல். இதனை எமக்குக் கற்பித்ததும் இக்கல்லூரியே. அதன் தொடர்பாக நெடுங்காலம் தீராதிருந்த கடன் ஒன்றும் எமக்கு இருந்தது.

யாம் விடுதியில் வாழ்ந்த 1961 ஆம் ஆண்டிலே எமக்கு மீசை அரும்பித் தாடையிலும் மயிர் தோன்றலாயிற்று. காலை வழிபாட்டு மணி அடிக்குமுன் முகத்தை வழித்துக்கொண்டு ஓடவேண்டும். கிணற்றடியிலே நின்று, காய்ந்த தூரிகையைத் தண்ணீரில் ஒருமுறை தோய்த்துச் சவர்க்காரத்தில் நாலு தேய்ப்புத் தேய்த்து, வந்த நுரை போதுமென்று சவரக்கத்தியை இழுப்போம். இரண்டு மூன்று கீறல்களோடு மண்டபத்துக்குச் செல்வது எம் வழக்கமாயிற்று.

ஒருநாள் விடுதிப் பொறுப்பாசிரியர் எம் முகத்தைக் கண்டார். அவர் இரசாயனம் கற்பித்தவர். ஒன்றுங் கூறாது தமது அறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே எனாமல் குவளை ஒன்றில் இளஞ்சூட்டு நீர் இருந்தது. தூரிகையின் மயிர்ப்பகுதி மாத்திரம் அமிழும்படி அதனை நீரில் நிறுத்திவிட்டு, மேசைமீதிருந்த அப்பியாசக் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினார். ஐந்து நிமிடங் கழிந்த பின்னரே எழுந்தார். தூரிகையை உயர்த்தி, நீரை வடியவிட்டு, இருமுறை மெல்ல உதறிச் சவர்க்காரத்தில் வட்டமாகச் சுழற்றினார். பாலாடை போன்ற நுரை எழுந்தது.

அதன் காரணத்தையும் பாடம்போலவே விளக்கினார். எமது தூரிகை பன்றிமயிரினால் ஆனது. அம்மயிர் காய்ந்திருக்கும்போது விறைத்து நிற்கும். நீரை மெதுவாக உட்கொண்டே இளகும். இளகாத மயிர் முதலில் இட்ட நீரைத் தானே குடித்துவிடுமாதலால் நுரைக்கு நீர் போதாது. பட்ஜர் என்னும் விலங்கின் மயிரோ நீரைப் பெரும்பாலும் மயிர்களுக்கிடையே தாங்குவது. அதற்குச் சிறிது நேரம் போதும். கொதிநீர் எம்மயிருக்கும் ஆகாது. மயிரையும் கெடுக்கும், அதனைப் பிடியோடு ஒட்டிய பசையையும் தளர்த்தும். மனிதனின் தாடிமயிரும் அவ்வாறே நீரில் ஊறினால் எளிதில் அறுபடும். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடாக ஊறி வருவதால் வன்மையுடையது; சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரைக்குப் பதிலாகத் திரையைத் தரும். கொதிக்கவைத்தால் அவ்வன்மையில் ஒரு பகுதி கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். ஆகவே கொதித்தாறிய நீரே அவருடைய குவளையில் இருந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில், செவ்வனே தூய்மை செய்யப்படாத குதிரைமயிர்த் தூரிகைகளால் படைவீரர் சிலருக்கு அந்திராக்ஸ் நோய் கண்டதையும், 1920 இல் பிரித்தானியா யப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடைசெய்ததையும் அவர்வாயிலாகவே முதன்முதல் கேட்டோம்.

விடுமுறையில் வீடு சென்று இவற்றையெல்லாம் எம் அன்னையாருக்கு எடுத்துரைத்தோம். பன்றிமயிர் என்ற சொல்லைக் கேட்ட அன்றே அத்தூரிகை வீட்டினின்றும் நீங்கிக் கிணற்றடிக்குக் குடிபெயர்ந்தது.

இத்துணை நன்மை செய்தவருக்கு யாம் செய்த கைம்மாறு யாது? வகுப்புக் கரும்பலகையிலே ஒரு சாடியை வரைந்து, அதனுள் ஒரு தூரிகையை நிறுத்தி, கீழே அவருக்கு 'ஊறுகாய் மாஸ்ரர்' எனப் பட்டஞ் சூட்டினோம். எழுதிய கை எம்முடையதே. அவர் வந்தார், படத்தைச் சிறிது நேரம் நோக்கினார், துடைத்தார். எழுதியவன் யாரென வினவாமலே பாடத்தை நடத்தினார். அப்பட்டப்பெயர் கல்லூரியெங்கும் பரவி, அவர் ஓய்வுபெறும்வரை அவரைத் தொடர்ந்தது. மன்னிப்புக் கேட்க எண்ணிய நாள்கள் பல. கேட்ட நாள் ஒன்றுமில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். எம் குடும்பம் ஒதுங்கிய பாடசாலைக் கட்டடத்தின் மறுமூலையிலே, பாயொன்றில் அவரைக் கண்டோம். பாரிசவாதத்தால் வலக்கை விழுந்திருந்தது; பேச்சும் தளர்ந்திருந்தது. நாள்தோறும் மழித்த முகத்தில் வெண்தாடி மண்டியிருந்தது. "சேர், நான் வழித்துவிடட்டோ?" என்றோம். தலையசைத்தார்.

சவர்க்காரம் அருமைப்பட்ட காலம் அது. எம்மிடம் இருந்தது விரலளவு துண்டு. கூரையிலிருந்து வடிந்த மழைநீரைப் பால்மாப் பேணியில் ஏந்தி, மூன்று கல் அடுப்பிற் சுடவைத்தோம். சுற்றிலும் நெருக்கம், எமக்கோ அவசரம். தூரிகையைத் தோய்த்தவுடன் எடுக்க முற்பட்டோம். அவர் இடக்கையின் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார். ஐந்து நிமிடம்!

பேணியை இடையில் வைத்துக்கொண்டு இருவரும் காத்திருந்தோம். முப்பத்து நான்கு ஆண்டுகளாக வாராத சொல் அப்பொழுது வந்தது. "சேர், அந்தப் படத்தைக் கீறினது நான்தான்."

அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: "அண்டைக்கே தெரியும், தம்பி. உம்முடைய எழுத்து எனக்குத் தெரியாதோ? ஊறுகாய்க்குச் சின்ன 'ரு' போட்டிருந்தீர். அதுதான் எனக்குக் கவலை."

அழுவதா சிரிப்பதா என்றறியாது தூரிகையை எடுத்தோம். மழைநீர் வன்மையற்றதாகையால் அவ்விரலளவு துண்டே நிறைந்த நுரை தந்தது. அவர் முகத்தில் ஒரு கீறலும் விழவில்லை. அடுத்த ஆண்டு அவர் சிவபதம் எய்தினார்.

இந்நாளில் செயற்கை இழைத் தூரிகைகள் வந்துவிட்டன. அவ்விழை நீரை உறிஞ்சுவதில்லை, நனைத்தவுடன் பயன்படுத்தலாம். பேரன் இதனை எமக்கு எடுத்துக்கூறி, அத்தகைய தூரிகை ஒன்றை வாங்கியும் தந்துள்ளான். அவன் கூறுவது முற்றிலும் உண்மை. எனினும் யாம் அதனையும் காலைதோறும் இளஞ்சூட்டு நீரில் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் அருகே அமர்ந்திருக்கின்றோம்.