கடிகாரத்தை எங்கே ஒட்டுவது?

கையில் ஒரு செல்போனும் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் வந்த பிற்பாடு, சலனப் படம் பிடித்து வெட்டி ஒட்டாத குடும்பம் அபூர்வமாகிவிட்டது. காது குத்தல், வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா எல்லாமே படமாகிவிடுகின்றன. அந்த வீட்டுப் படத்தின் மூலையில் விநாடி காட்டி ஓடும் ஒரு கடிகாரத்தைப் பதிப்பது பற்றி வாசகர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறேன். "இதில் என்ன பிரமாதம்? பொத்தானை அமுக்கினால் கடிகாரம் வந்துவிட்டுப் போகிறது!" என்று எண்ண வேண்டாம். கடிகாரம் வந்துவிடும், வாஸ்தவந்தான். அது சொல்லுவது மெய்யா, பொய்யா என்பதல்லவா விஷயம்?

நான் தண்டையார்பேட்டைவாசி, தொழில் உபாத்திமைத் தொழில். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, எங்கள் பக்கத்துச் சந்துகளில் இன்னொரு சப்தமும் ஓயாமல் கேட்கும். அது கேரம் காய்கள் மோதும் சப்தம். இந்த விளையாட்டு நம் தேசத்துச் சொத்து. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ஆம் வருஷம் தோன்றியதே நமது சென்னையில்தான். இருமுறை உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் 3 தங்கப் பதக்கம் பெற்ற காசிமா, எங்களுக்கு அடுத்த புதுவண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுபவரின் மகள். அதற்கப்புறம் எங்கள் பேட்டைப் பெண் குழந்தைகள் பலகையை விட்டு எழுந்திருக்கிறார்களா என்று கேட்பானேன்?

அப்படிப்பட்டவர்களில் ஒருத்தி என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். தகப்பனார் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குபவர். நல்ல பயிற்சி தரும் ஒருவர், "முதலில் இவள் ஆடுவதைப் படம் பிடித்து அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தார். படம் பிடித்து அனுப்பும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

கேரம் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வோர் அடியையும் 15 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும். சந்தில் ஆடும்போது இதை யார் கவனிக்கிறார்கள்? ஒரு காய்க்கு முன்னால் அரை நிமிஷம் தவம் இருந்தாலும் கேட்பாரில்லை. பந்தயத்திலோ நடுவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆகவே படத்தில் கடிகாரம் அவசியம் என்று எனக்குத் தோன்றிற்று.

'ஷாட்கட்' என்று ஒரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஃபில்டர்களின் வரிசையில் 'டைமர்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் படத்தின் மேல் இட்டு, ஏறுமுகமா இறங்குமுகமா, எந்த விநாடியில் தொடங்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிது என்று சொல்லிவிட்டால் போதும், ஓடத் தொடங்கிவிடும். கடிகாரத்தைப் பலகையின் மேல் விழாதபடி மூலைக்குத் தள்ளிவிட வேண்டும். இவ்வளவுதான் வித்தை. பத்து வயதுப் பையன் செய்துவிடுவான்.

தகராறு இதற்குப் பிறகுதான். அந்தத் தகப்பனார் ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், இந்தப் பொண்ணு குந்திகினு யோசிக்கிறத்தையெல்லாம் வெட்டிடுங்க சார். படார் படார்னு அடிக்கிறாப்பல இருக்கட்டும். கடிகாரம் அப்பாலே போட்டுக்கலாம்" என்றார்.

மனிதர் கம்ப்யூட்டரைத் தொட்டறியாதவர். ஆனாலும் விஷயத்தின் உயிர்நிலையைப் பிடித்துவிட்டார் பாருங்கள்! முதலில் வெட்டி, ஒட்டி, கடைசியில் முழுப் படத்துக்கும் கடிகாரம் போட்டால், வெட்டின இடமே தெரியாமல் அது 1, 2, 3 என்று நல்ல பிள்ளையாக ஓடும். 20 விநாடி யோசித்த பெண் 4 விநாடியில் அடித்தவளாகிவிடுவாள். அதற்கு மாறாக, வெட்டாத மூலப் படத்திலேயே கடிகாரத்தைப் பதித்து, ஒரு முறை முழுவதையும் புதுப் படமாக எடுத்துவிட்டால், எண்கள் படத்தோடு படமாக அச்சேறிவிடும். அதன் பிறகு எங்கே கத்தரி வைத்தாலும் 41-க்கு அடுத்தாற்போல் 58 வந்து நின்று, "இங்கே கை வைத்திருக்கிறார்கள்" என்று காட்டிக் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே கடிகாரந்தான். வெட்டுக்கு முன்னால் வைக்கிறோமா, பின்னால் வைக்கிறோமா என்பதில்தான் சாட்சிக்கும் வேஷத்துக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

மூலப் படத்தில் வைத்தாலும் கடிகாரம் முற்றும் நம்பத்தக்கதா என்றால், அதுவும் இல்லை. சலனப் படம் என்பது உண்மையில் சலனமில்லாத படங்களின் வரிசை. செல்போன் விநாடிக்கு 30 படம் பிடிப்பதாகச் சொல்லிக்கொள்ளும். வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் சந்து வீடுகளில் ஒரே விளக்கின் கீழே எடுக்கும் படத்துக்கு இது சகஜம். அப்படிப்பட்ட படத்தை உள்ளே இட்டதும், சீரான படமாக மாற்றிக்கொள்ளலாமா என்று ஷாட்கட் கேட்கும். சரி என்று சொல்லிவிடுவதே உத்தமம். இன்னொரு சுலபமான சோதனை உண்டு. விநாடி முள் உள்ள ஒரு சுவர்க் கடிகாரமும் படத்தில் தெரியும்படி வைத்துவிட்டால், இரண்டும் ஒத்துப் போகின்றனவா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இதே சங்கடம் பெரிய தேசங்களையும் விடவில்லை. 1953-இல் அமெரிக்கர்கள் டெலிவிஷனுக்கு வர்ணம் சேர்த்தபோது, விநாடிக்கு 30 படம் என்பதை 29.97 ஆக்கிவிட்டார்கள். படங்களை 30 என்றே எண்ணினால் மணிக்கு 3.6 விநாடி பிசகும். அதைச் சரிக்கட்ட, நிமிஷத்துக்கு 2 எண்களைத் தாண்டி எண்ணுவது என்றும், ஒவ்வொரு பத்தாவது நிமிஷத்தில் மட்டும் தாண்டுவதில்லை என்றும் பின்னால் ஒரு முறை ஏற்பட்டது. படம் எதுவும் போவதில்லை, எண்தான் போகிறது. நம் பஞ்சாங்கத்தில் க்ஷய திதி வருவதில்லையா, ஏறக்குறைய அந்த மாதிரி!

விநாடிக்கு 30 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நூற்றில் மூன்று பங்கு விநாடிக்கு மேல் கழிந்துவிடுகிறது. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் பி. டி. உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்தது நூற்றில் ஒரு பங்கு விநாடியால். ஆகவே ஓட்டப் பந்தயத்தின் முடிவை வீட்டுப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல யாரும் முன்வர வேண்டாம். கேரத்துக்கு அவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. 15-ஐத் தாண்டினாளா, இல்லையா என்பது தெரிந்தால் போதும்.

தகப்பனாருக்கு நான் பதில் சொல்லுமுன்பே, பின்னால் நின்ற பெண் பேசினாள். "வெட்டாதீங்க சார். எத்தினி நேரம் எடுத்துக்கறேன்னு நானே பாக்கணும்" என்றாள்.

ஆகவே வெட்டாமலே கடிகாரத்தைப் பதித்தோம். காய்கள் ஓய்ந்த கணத்திலிருந்து அடுத்த அடி வரையில் எண்ணி, அவளே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். 8, 11, 6, 9, 19, 7, 17. சாதாரணமாய் எல்லோரும் திணறுகிற அடிகளுக்கு, அதாவது பக்கக் கட்டையில் மோதித் திரும்பி வந்து காயைத் தள்ளும் அடிகளுக்கு, அவள் எடுத்துக்கொண்டது 6, 7 விநாடிதான். 19-உம் 17-உம் குழியின் வாயிலேயே காய் உட்கார்ந்திருந்த சமயங்கள்! ஒரு குழந்தை தட்டினாலே விழும் காய்கள்.

"ஏன் அம்மா, இதற்கா இவ்வளவு யோசனை?" என்று கேட்டேன்.

"அது போவலைன்னா சிரிப்பாங்க சார்" என்றாள்.

தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, "அப்படியே அனுப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். 19-உம் 17-உம் உள்ளபடியே படம் போய்விட்டது. இன்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில் சனிக்கிழமைதோறும் பெண் என் வீட்டுக்கு வந்து, குழியின் வாயில் காயை வைத்துவிட்டு, 15-லிருந்து இறங்குமுகமாக ஓடும் கடிகாரத்தை என் செல்போனில் ஓடவிடச் சொல்லுகிறாள். போன வாரம் பத்துக்கு ஏழு முறை, கடிகாரம் 8-க்கு இறங்குவதற்குள் அடித்துவிட்டாள்.