வலைக்கு வெளியே

கோடை விடுமுறைக்கு மலைவாசத் தலங்களையும் கடற்கரை விடுதிகளையும் நாடும் வழக்கம் நம் குடும்பங்களில் அண்மையில் வந்தது. அதற்கு முன்பும், ஏன் இன்றும், தமிழ்க் கத்தோலிக்கரின் ஆண்டுப் பயணம் என்றால் வேளாங்கண்ணிதான். நேர்ச்சையும் மொட்டையும் திருப்பலியும் ஒருபுறம். கடலில் கால் நனைப்பதும், பொரித்த மீனும், மணலில் குழந்தைகள் புரள்வதும் மறுபுறம். பக்தியும் ஓய்வும் இவ்வளவு இயல்பாகக் கைகோத்து நடக்கும் ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆகஸ்டு 29-இல் கொடியேற்றம். செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்புப் பெருவிழா. அந்நாள்களில் நன்னிலத்திலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணை எங்களுக்குச் சொந்தமில்லை. காவி உடுத்தி நடந்து வருவோரில் சிலர் இரவு தங்கி, விடியுமுன் எழுந்து திருவாரூர், நாகை வழியாகப் பயணத்தைத் தொடர்வர். என் தந்தையார் காலத்திலிருந்து இப்படித்தான். கால்வலி, கொப்புளம், வழியில் கிடைத்த சோறு என்று எதைப் பற்றியும் குறை சொல்லாத அவர்கள், காலையில் காப்பி குடிக்கும்போது மட்டும் ஒன்றைச் சொல்வார்கள்: "எல்லாம் சரிங்கய்யா, இந்த ஊரு கொசுதான் தாங்கல."

கொசு இல்லாத காவிரிப் படுகையைக் கேட்பது நனையாத மழையைக் கேட்பது போன்றது. ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. ஆகஸ்டு இறுதியில் குறுவைக் கதிர் முற்றிக் கொண்டிருக்கும். சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராகும். வாய்க்கால், வரப்போரப் பள்ளம், மாட்டின் குளம்படி என எங்கும் தண்ணீர். வயலில் பிறக்கும் கொசுக்களில் பெரும்பாலானவை மனிதரைவிட மாட்டையே விரும்புகின்றன. ஆகவேதான் எங்கள் பெரியவர்கள் மாலையானால் முதலில் கொட்டிலில் மூட்டம் போட்டார்கள். நொச்சியும் வேப்பிலையும் புகைந்த பிறகே வீட்டுக்குள் விளக்கேற்றினார்கள்.

நெல்லுக்கும் கொசுவுக்குமுள்ள உறவை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று நம் தஞ்சை மண் என்பது பலருக்குத் தெரியாது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டைப் பக்கம் புதிதாய்ப் பாசனம் பாய்ந்தது. தண்ணீரோடு மலேரியாவும் பாய்ந்தது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸல் என்னும் மருத்துவர் அங்கே தங்கி, இந்திய ஆய்வாளர்களுடன் ஆண்டுக்கணக்கில் கொசுவின் நடத்தையைக் கவனித்தார். மலேரியாவைப் பரப்பும் அந்தக் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே ஆடி ஆடிப் பறந்தபடியே முட்டையிடும். நடவு முடிந்து பயிர் ஏறத்தாழ ஓரடி உயர்ந்துவிட்டால் தாள்கள் அதன் ஆட்டத்துக்குக் குறுக்கே நிற்கும். அவ்வயலை அது விட்டுவிடும். வளர்ந்த பயிரே காவல் நிற்கிறது என்ற அந்த உண்மை, கொளுத்தும் வெயிலில் சேற்றில் நின்று கண்டெடுத்தது. பெரிய வேதியியல் கண்டுபிடிப்புகளைவிட எனக்கு இது உயர்ந்ததாகவே படுகிறது.

மலேரியா என்றதும் நம்மவர் பங்கு ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. சிங்கோனா மரத்தின் பட்டையைப் பதினேழாம் நூற்றாண்டில் பெருவிலிருந்து உரோமைக்குக் கொண்டுவந்து பரப்பியவர்கள் இயேசு சபையினர். 'இயேசு சபையார் பட்டை' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. 1623-இல் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கர்தினால்களிடையே இதே காய்ச்சல் புகுந்து சிலரைக் கொண்டுபோன நகரம் அது. காய்ச்சலுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு அப்போது எவருக்கும் தெரியாது. அதைக் காட்ட 1897 ஆகஸ்டு 20-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றைக் கிழித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் நான் பிறந்து வளர்ந்த பகுதியின் துயரம் மலேரியா அன்று, யானைக்கால். கும்பகோணம் என்றதும் வெளியூரார் காலைக் குனிந்து பார்த்துக் கேலி செய்த காலம் ஒன்று இருந்தது. அந்நோயைச் சுமக்கும் கொசு வயலில் பிறப்பதில்லை. சாக்கடையிலும், மூடாத கழிவுநீர்த் தொட்டியிலும், பாசி பிடித்த குட்டையிலும் பிறக்கிறது. நிலம் தந்ததன்று, நாம் தேக்கி வைத்தது.

என் தந்தையாரின் மூத்த சகோதரி கும்பகோணத்தில் வாழ்ந்தார். இடது கால் முழங்கால் வரை தூண் போல வீங்கியிருக்கும். ஆண்டுதோறும் பேருந்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஓர் இரவு தங்கி, இங்கிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பார். மற்றவர் இரண்டு நாளில் கடக்கும் வழியை அவர் நான்கு நாளில் கடப்பார். கால் குணமாக வேண்டுமென்று அவர் நேர்ந்துகொண்டதாக நான் கேட்டதில்லை. "நடக்க விட்டுட்டாளே, அதுக்கு நன்றி சொல்ல வேண்டாமாடா தம்பி" என்பார்.

திண்ணையில் அத்தை பாயை விரித்ததும், பக்கத்தில் படுத்திருந்த திருப்பயணிகள் ஓசையின்றித் தங்கள் பாய்களை நகர்த்திக் கொள்வதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஒரு தாய், தூங்கும் குழந்தையைத் தூக்கி மறுபக்கம் கிடத்தினாள். பொல்லாத மனம் என்று சொல்ல மாட்டேன், அச்சம். அவரைக் கடித்த கொசு நம் பிள்ளையையும் கடித்தால் என்னாவது என்ற எண்ணம். அத்தை அதைக் கண்டும் காணாதவர் போல் எழுந்து, தமக்கென என் தாய் கட்டியிருந்த கொசுவலையை அவிழ்த்து அந்தக் குழந்தைக்குக் கட்டச் சொன்னார். "என்னைக் கடிச்சு இனி என்ன ஆகப் போவுது? பிள்ளைக்குக் கட்டு." அன்றிரவும் பின் வந்த எத்தனையோ இரவுகளும் அவர் வலைக்கு வெளியேதான் படுத்தார்.

நோயின் உண்மை நிலை பல ஆண்டுகள் கழித்து ஒரு பொதுநல மருத்துவர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் உடலின் உள்ளே ஒதுங்கியிருந்து, நள்ளிரவை ஒட்டியே தோலருகே உள்ள இரத்தத்துக்கு வருகின்றன. இரவில் கடிக்கும் கொசுவோடு அப்படியொரு ஒப்பந்தம். 1955-இல் தொடங்கிய தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஊழியர்கள் இரவில் விளக்கோடு வந்து, உறங்குவோரை எழுப்பி விரலில் குத்தி இரத்தம் எடுத்தது அதனால்தான். எங்களுக்கு அவர்கள் பூச்சாண்டிகள்! ஆனால் மருத்துவர் சொன்ன முக்கியச் செய்தி வேறு. கால் வீங்கி முற்றிய நோயாளியின் இரத்தத்தில் பெரும்பாலும் இந்தக் குஞ்சுகள் இருப்பதில்லை. புழு தன் வேலையை முடித்து மடிந்திருக்கும். எஞ்சுவது வீக்கமும் அவ்வப்போது வரும் காய்ச்சலுமே. கொசுவுக்கு நோயைக் கொடுப்பவர், எந்த அடையாளமுமின்றி நலமாக நடமாடும் மனிதர். பாயை நகர்த்திக் கொண்டவர்களில் ஒருவராகவும் அவர் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. ஓரிரவுக் கடியில் இந்நோய் எளிதில் ஒட்டாது. ஆண்டுக்கணக்கில், ஆயிரக்கணக்கான முறை கடிபட்டுக் கிடப்போரையே அது பிடிக்கிறது. வந்து போகும் விருந்தினர் தப்பிவிடுவார். சாக்கடையோரம் குடியிருப்பவர் தப்பமாட்டார்.

அத்தையின் கடைசி ஆண்டுகளில் ஓர் அருட்சகோதரி அவருக்குக் கால் கழுவக் கற்றுக்கொடுத்தார். நாள்தோறும் சோப்பும் தண்ணீரும் கொண்டு மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் மென்மையாகக் கழுவி, ஈரம் ஒற்றி, காலை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். வேறு மருந்தில்லை. வீக்கம் வடியவில்லை, ஆனால் மாதந்தோறும் வந்த குளிர்காய்ச்சல் ஏறக்குறைய நின்றுவிட்டது. பெரிய வியாழனில் மட்டும் பாதம் கழுவிப் பழகிய எங்களுக்கு அந்தச் சகோதரியின் பிளாஸ்டிக் வாளி புதிதாக இருந்தது. 1998-இல் அத்தை இறந்தார். 2004 முதல் நாடு தழுவிய அளவில் ஆண்டுக்கொரு முறை டி.இ.சி. மாத்திரை வழங்கப்பட்டது. இன்று எங்கள் பகுதியில் இளையோர் காலில் அந்த வீக்கத்தைக் காண்பது அரிது.

வீக்கம் அரிதாகிவிட்ட இந்நாளில், முன்பு நாம் பொருட்படுத்தாத கொசு ஒன்று முன்னுக்கு வந்திருக்கிறது. உடலில் வெள்ளைப் புள்ளிகளும் காலில் வரிகளும் கொண்ட ஏடிஸ். சாக்கடை அதற்குப் பிடிக்காது. தெளிந்த நீர் வேண்டும். பகலில் கடிக்கும். யானைக்கால் கொசுவுக்கு ஆண்டுகள் தேவை. டெங்குவுக்கு ஒரே கடி போதும். 2012-இலும் 2017-இலும் தமிழகம் டெங்குவால் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். எங்கள் எதிர்வீட்டுச் சிறுவன் ஒருவனின் இரத்தத் தட்டணுக்கள் நாள்தோறும் இறங்க இறங்க, தெருவே செபமாலையோடு உட்கார்ந்திருந்தது. அவன் பிழைத்தான்.

இந்தக் கொசுவை வளர்ப்பது வயலுமன்று, ஆறுமன்று. குடித்து எறிந்த காகிதக் குவளை, இளநீர்க் கூடு, பிளாஸ்டிக் டப்பா. இவற்றில் இரண்டு விரற்கடை மழைநீர் தேங்கினால் போதும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். கொடியேற்றம் முதல் பெருவிழா வரை நாள்கள் பதினொன்று என்பதை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் திருப்பயணி வீசிய குவளையில் மழை விழுந்திருந்தால், அது கடைசி நாள் திருப்பயணியைக் கடிக்கத் தயாராகிவிடும். மழை பெய்யாவிட்டாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடிருந்து, ஐப்பசி மழையில் பொரிக்கும். அப்போது நடந்து வந்தவர்கள் தத்தம் ஊரில் இருப்பார்கள். இங்கே இருப்பது நாங்களும், சாலையோரக் குடிசைப் பிள்ளைகளும்.

தங்குமிடங்களில் கடிபடாமலிருக்க வழி கேட்போருக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கொசுவலையை மிஞ்ச எதுவுமில்லை. அதன் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகாவிட்டால் கொசுவுக்குக் கூண்டு கட்டிக் கொடுத்ததாக முடியும். மின்விசிறியும் நல்ல காவல். வீசும் காற்றில் கொசுவால் பறக்க இயலாது. கடற்கரையில் காற்று விழும் அந்திவேளையில் முழுக்கைச் சட்டையும் கால்மறைக்கும் உடையும், தடவும் களிம்பும் உதவும். விடுதி அறையில் நுழைந்ததும் பெட்டியைத் திறக்குமுன் குளியலறை வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். சுருள்வத்தியை நான் விரும்புவதில்லை. மூடிய அறையில் அதன் புகை கொசுவைவிடக் குழந்தையின் நெஞ்சைத்தான் அதிகம் வாட்டுகிறது. விரட்டப்பட்ட கொசுவும் அடுத்த அறைக்குத்தானே போகிறது? தெருவில் அடிக்கும் புகைமருந்தும் பறப்பவற்றைக் கொல்லுமேயன்றித் தண்ணீரில் நெளியும் புழுவைத் தொடாது. தொட்டிகளை எங்கள் வீட்டில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி மூடுகிறோம். கொசுவை வடிகட்டுவோரை ஆண்டவர் கடிந்துகொண்டது வேறு காரணத்துக்காக.

சில ஆண்டுகளாகத் திண்ணையில் ஆறு வலைகள் கட்டுகிறோம். எவர் வந்தாலும் ஒன்று. வெளியே எவரும் படுப்பதில்லை. குவளைகளுக்கு மாறாக எவர்சில்வர் தம்ளர்கள். வாசலில் மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒன்று. திருப்பயணிகள் போனபின் என் மனைவியும் நானும் சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு முடிகொண்டான் ஆற்றுப் பாலம் வரை சாலையோரமாக நடப்போம். இளநீர்க் கூடுகளை அரிவாளால் இரண்டாய்ப் பிளந்து குப்புறக் கவிழ்க்க வேண்டும். பிளக்காமல் கவிழ்த்தால் ஆடோ நாயோ உருட்டி நிமிர்த்திவிடும். சென்ற ஆண்டு, விழா முடிந்த மறுநாள், பாலம் வரை நாற்பத்திரண்டு.