ஆலங்குடியிலிருந்து ஒரு நன்னடத்தைச் சான்றிதழ்

ஆலங்குடி என்று சொன்னதுமே, "குரு ஸ்தலம்தானே? குருப்பெயர்ச்சிக்கு வந்திருக்கோமே!" என்பார்கள் வெளியூர்ச் சகோதரிகள். அது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி. நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஆலங்குடி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் திருவரங்குளம், வம்பன் தாண்டி சுமார் 20 கிலோமீட்டர். எங்களுக்கும் ஒரு சிவன் கோயில் உண்டு. சுவாமி பெயர் நாமபுரீஸ்வரர். தாலுகா ஆபீஸ், கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், கடைத்தெரு எல்லாம் சேர்ந்த சின்ன ஊர்.

வழியில் வரும் வம்பனை இல்லத்தரசிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கேதான் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கடையில் "வம்பன் 8", "வம்பன் 10" என்று உளுந்து ரகம் சொல்கிறார்களே, அந்த வம்பன்தான் இது. உங்கள் வீட்டு இட்லி மாவிலும் எங்கள் ஊர்ப் பக்கத்து மண் வாசனை இருக்கலாம்!

ஊருக்குக் கிழக்கே வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் போனால் செம்மண் பூமி. பலா, தென்னை, வாழை, மல்லிகை, கனகாம்பரம் என்று தோட்டங்கள். கீரமங்கலத்துப் பூ விடியற்காலையிலேயே வெளியூருக்குப் பயணமாகிவிடும். குளமங்கலம் அய்யனார் கோயிலில் 33 அடி உயரத்துக் குதிரைச் சிலை இருக்கிறது. மாசி மகத்தன்று அது கழுத்து நிறையக் காகித மாலையோடு நிற்பதைக் குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது காட்ட வேண்டும்.

இந்தப் பசுமையெல்லாம் 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் ஒரே ராத்திரியில் சாய்ந்தது. தாத்தா வைத்த பலா, மாமனார் வைத்த தென்னை எல்லாம் வேரோடு படுத்துவிட்டன. தென்னங்கன்று வைத்து அது காய்க்க எத்தனை வருஷம் ஆகும்! எங்கள் குடும்பத்துக்கும் கடன் வந்தது அப்போதுதான். அந்தக் கடனை அடைக்கத்தான் என் மருமகள் வளைகுடாவுக்கு டீச்சர் வேலைக்குப் போக முடிவு செய்தாள். எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவள். நாலு வயசுப் பேரனை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பட்டியலில் டிகிரி சர்ட்டிபிகேட், அனுபவச் சான்று எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: போலீஸ் கிளியரன்ஸ் சர்ட்டிபிகேட். சுருக்கமாக பி.சி.சி. 'இவர் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை' என்று நம் அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் தாள். அதைப் படித்ததும் மருமகளின் முகம் வாடிவிட்டது.

"என்னத்தா?" என்று கேட்டேன்.

"அத்தை, நான் நெடுவாசல் பந்தல்ல உக்காந்திருந்தேனே..."

அவள் பிறந்த வீடு நெடுவாசலுக்குப் பக்கம். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தபோது அந்தப் பக்கத்து ஜனங்கள் திரண்டு உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு தாய்மார், கல்லூரிப் பிள்ளைகள், வயசான அப்பத்தாக்கள் எல்லோரும் இருந்தார்கள். அவள் அப்போது கல்லூரி மாணவி. யார் பெயரையாவது எழுதியிருந்து அதில் தன் பெயரும் இருந்தால்? விசா போய்விடும், வேலை போய்விடும், கடன் நிற்கும். ரெண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பயந்து உட்கார்ந்திருப்பதில் பயனில்லை, தெரிந்துகொள்வதுதான் மருந்து. நீதிமன்றங்களின் 'ஈ-கோர்ட்ஸ்' இணையதளத்தில், மாவட்டத்தையும் கோர்ட்டையும் குறிப்பிட்டுப் பெயரைப் போட்டால் வழக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம், கட்டணம் இல்லை. மகன் உட்கார்ந்து வருஷம் வருஷமாகத் தேடினான். அவள் பெயரில் ஒன்றுமில்லை. தெரிந்த வக்கீலம்மா ஒருவரையும் கேட்டோம். 2021 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், மீத்தேன் போன்ற திட்டங்களை எதிர்த்து அறவழியில் போராடியவர்கள் மேலுள்ள வழக்குகள் வாபஸ் பெறப்படும் என்று அறிவித்ததை அவர் நினைவுபடுத்தினார். "வழக்கு இருந்து முடிஞ்சிருந்தாலும் கவலையில்லம்மா. கோர்ட் உத்தரவோட சான்றிட்ட நகலை வாங்கிக் கையில வச்சுக்கணும். வாயால சொன்னா யாரும் ஏத்துக்க மாட்டாங்க" என்றார். எங்கள் தெருப் பையன் ஒருவன் பழைய மறியல் வழக்கு முடிந்தபின் அந்த நகலை வைத்துத்தான் சிங்கப்பூர் போனான்.

பிறகு மனு. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் பி.சி.சி. பகுதியில் விண்ணப்பித்து, எந்த நாட்டுக்கு என்று குறிப்பிட்டு, 500 ரூபாய் கட்டி, நாள் வாங்கினோம். 2022 செப்டம்பர் 28 முதல் தபால் ஆபீஸ்களில் உள்ள பாஸ்போர்ட் சேவா கேந்திரங்களிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். எங்களுக்குத் தோதான நாள் திருச்சியில் கிடைத்தது.

விடியற்காலையில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, பேரனைச் சம்பந்தியம்மாவிடம் விட்டுவிட்டு, மாமியாரும் மருமகளுமாகக் கிளம்பினோம். புதுக்கோட்டையில் பஸ் மாறினோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் அது. ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் முதல் பெண்ணாக நுழைந்தவர் அவர். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்து, அதை ஒட்டி இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்களே, அதில் நானும் ஒருத்தி. பாவாடை தாவணியில் சைக்கிள் மிதித்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். நார்த்தாமலைப் பாறைகள் கண்ணில் பட்டபோதுதான் மருமகள் சிரித்தாள்.

கேந்திரத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர்கள். முதலாவதில் காகிதங்களை வாங்கி, போட்டோவும் கைரேகையும் எடுக்கிறார்கள். இரண்டாவதில் அசலோடு ஒத்துப் பார்க்கிறார்கள். மூன்றாவதில் அதிகாரி முடிவு சொல்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டோம். "உங்க ஊர் ஸ்டேஷன்லேருந்து விசாரணைக்கு வருவாங்கம்மா" என்றார்கள்.

நாலைந்து நாளில் ஏட்டய்யா வந்தார். வாசலில் போலீஸ் பைக் நின்றால் தெருவே எட்டிப் பார்க்குமே! எதிர்வீட்டு அப்பத்தா திண்ணையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்கள். "என்னய்யா விசாரிக்கீக? வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து வாசல்ல நின்னு ஒரு சத்தம் போட்டதில்ல இந்தப் புள்ள. எனக்கு மாத்திரை படிச்சுக் குடுக்குறதே அதுதான்" என்று பொரிந்து தள்ளினார்கள். ஏட்டய்யா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எத்தனை வருஷமாக இந்த விலாசத்தில் இருக்கிறாள், எங்கே போகிறாள், வழக்கு எதுவும் உண்டா என்று கேட்டார். ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் பார்த்தார். மருமகள் நெடுவாசல் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். "உங்க பேர்ல ஒண்ணும் இல்லம்மா. ரிக்கார்டு பார்த்துட்டுத்தான் வந்தேன்" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் எத்தனை நாள் காத்திருந்தோம்! மூன்றாம் வாரம் சான்றிதழ் கைக்கு வந்தது.

குழந்தைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறவளுக்கு எதற்கு இத்தனை சோதனை என்று முதலில் எனக்கும் தோன்றியது. காரணம் கேட்டால் நெஞ்சு பதறுகிறது. 2002-ல் இங்கிலாந்தில் சோஹம் என்ற ஊரில் இரண்டு பத்து வயதுச் சிறுமிகளைக் கொன்றவன் ஒரு பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளன். அவன் மேல் முன்பே பல புகார்கள் வந்திருந்தும் வேலை கிடைத்துவிட்டது. அதன் பிறகு அங்கே சட்டத்தையே இறுக்கினார்கள். தென் கொரியாவும் 2007 கடைசியிலிருந்து வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களிடம் குற்றப் பின்னணிச் சான்று கேட்கிறது. நம் நாட்டிலும் 2012-ல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது. யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை நம்பி விட்டுப் போகிற இடம் அல்லவா வகுப்பறை? அப்படி நினைத்ததும் அந்த 500 ரூபாயும் திருச்சிப் பயணமும் பாரமாகத் தெரியவில்லை.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

• பி.சி.சி. வேலை, குடியேற்றம், நீண்ட கால விசா போன்றவற்றுக்குத்தான். டூரிஸ்ட் விசாவுக்குக் கொடுப்பதில்லை.

• எந்த நாட்டுக்கு என்று வாங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு மட்டுமே செல்லும். நாடு மாறினால் புதிதாக வாங்க வேண்டும்.

• வெகு முன்னதாக வாங்கி வைக்காதீர்கள். பல இடங்களில் மூன்று அல்லது ஆறு மாதத்துக்குள் வாங்கியதைத்தான் ஏற்கிறார்கள். வேலை உத்தரவு வந்ததும் விண்ணப்பிப்பதே நல்லது.

• முன்பு வேறு நாட்டில் வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றையும் கேட்கக்கூடும்.

• சில நாடுகள் 'அபோஸ்டில்' முத்திரையை ஏற்கும். சில நாடுகள் தங்கள் தூதரக முத்திரையையே கேட்கும். வேலை தரும் பள்ளியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

• போலீஸ் விசாரணையில் பொய் சொல்லாதீர்கள். பழைய வழக்கு இருந்தால் அது முடிந்ததற்கான நகலைத் தயாராக வையுங்கள்.

• ஏஜெண்ட் மூலம் போனால் அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் 'ஈ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் விலகிவிடுங்கள்.

வெளிநாட்டுக்குப் போகாத தாய்மார்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் ஆசிரியர், வேன் டிரைவர், ஆயா, வாட்ச்மேன் இவர்களுடைய பின்னணியை விசாரித்துத்தான் வேலைக்கு எடுத்தார்களா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மரியாதையாக, ஆனால் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல பள்ளி கோபித்துக்கொள்ளாது. கடல் கடந்த ஒரு பள்ளிக்கூடம் ஆலங்குடித் தெரு வரைக்கும் ஆள் அனுப்பி விசாரித்துக்கொள்கிறபோது, பக்கத்துத் தெருப் பள்ளியை நாம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?