பின் சீற்

வாப்பா மௌத்தான பிறகு ஓட்டமில்லாமல் கிடந்த மொறிஸ் மைனரை மகன் கழற்றத் தொடங்கினான். முதலில் கை வைத்தது பின் சீற்றில்தான்.

"பாரம் குறைஞ்சாத்தான் வாப்பா கார் பாயும்" என்றான்.

அவன் சொன்னது பிழையில்லை. ட்ராக் ரேஸ் என்னும் நேர்கோட்டுப் பந்தயம் கால் மைல், 402 மீற்றர்தான். 1968இல் அமெரிக்காவில் இப்பந்தயத்துக்கென்றே செய்த டொட்ஜ் டார்ட்டில் 7 லீற்றர் ஹெமி என்ஜினைப் பூட்டி, பின் சீற் இல்லாமலே விற்றார்கள். பொனட்டும் முன் மட்காட்டும் ஃபைபர் கிளாஸ். எங்கள் மொறிஸ் வெறும் 1098 சீசீ. அதற்குள் ஜப்பான் என்ஜின் ஒன்றை இறக்குவது அவனுடைய எண்ணம்.

2004 டிசம்பர் 26 காலையில், கல்முனைக் கடற்கரைப் பக்கமிருந்து மெயின் றோட்டுக்கு வாப்பா இந்தக் காரை ஓட்டினார். அதுவும் ஏறக்குறைய கால் மைல்தான். ஐந்து பேர் ஏறும் காரில் பதினொரு பேர். பின் சீற்றில் உம்மாவின் மடியில் ஈரத்தோடு ஒரு பிள்ளை; யாருடையது என்று பின்னேரம்தான் தெரிந்தது.

அன்று பாரத்தை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

"காரை நீ கொண்டு போ மகன். சீற்ற மட்டும் விறாந்தையில வெச்சிரு" என்றேன்.

இப்போது அஸருக்குப் பிறகு உம்மா அதில்தான் இருக்கிறா, தஸ்பீஹ் மணியோடு.