உலை வைக்கலாம், வாங்க!

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பரங்கிப்பேட்டை. ரயிலில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுவோம். 1830-களில் அங்கே ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பெரிய இரும்பு உலை வைத்தார். தாது சேலத்திலிருந்து. எரிக்க விறகுக்கரி. காடு காடாக வெட்டியும் கட்டுப்படியாகவில்லை. மனிதர் இங்கிலாந்துக்குப் போய், மாங்கனீஸ் சேர்த்து நல்ல எஃகு செய்ய 1839-ல் பேட்டன்ட் வாங்கினார். அதிலும் கோர்ட், கேஸ்!

சிதம்பரத்தில் இருக்கும் என் அக்கா பையனுக்கு அந்தக் கரித் தொல்லை கிடையாது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து, கரண்ட்டாக வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்களே!

"டேய் தம்பி, உன் மருமகன் கொல்லைப்புறத்துல கரண்ட் உலை கட்டப் போறானாம். நீ வந்து வேணாம்னு சொல்லு" என்று அக்கா போன் செய்தாள். பையன் பாலிடெக்னிக் முடித்தவன். அக்காவின் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்ட ஒரு கப்பி வேண்டுமாம். அதை அலுமினியத்தில் அவனே வார்க்கப் போகிறானாம். பெடல் மிதித்து மிதித்து அவளுக்கு முழங்கால் போய்விட்டது.

வேண்டாம் என்பது சுலபம், சார். இருபது வயசுப் பையனிடம் அப்படிச் சொன்னால், யாரும் இல்லாத நேரத்தில் செய்வான். ஆகவே, "கட்டுடா. ஆனா மாமா கண்டிஷனுக்கெல்லாம் ஓகேன்னா" என்றேன்.

முதலில் கணக்கு. 3 கிலோவாட் உலை 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். சுருளின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 17.6 ஓம் இருக்கவேண்டும். இதை டி.வி. ப்ளக்கில் செருகினால் முதலில் உருகுவது அலுமினியம் இல்லை, ப்ளக்! அதனால் தனி லைன், கனமான செப்பு ஒயர், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுக்கும் ஆர்.சி.சி.பி., இரும்புப் பெட்டிக்கு உறுதியான எர்த். இந்த வேலை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையால்.

சுருள் கம்பியின் பெயர் காந்தல். அடிப்பிடித்த சோறு இல்லை. 1931-ல் ஸ்வீடனில் தொடங்கிய கம்பெனியின் பெயர். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பி. உலைக்குள் அது வெற்றுடம்போடு கிடக்கும். தொட்டால் 230 வோல்ட். நன்றாகச் சூடேறிய செங்கல்லும் கொஞ்சம் கரண்ட் கடத்தும். ஆகவே மூடியைத் திறந்தாலே ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் அறுந்துபோகிற மாதிரி ஸ்விட்ச். இடுக்கி உள்ளே போவது அதற்குப் பிறகுதான்.

"சூட்டைக் கன்ட்ரோலர் பார்த்துக்கும் மாமா" என்றான். பார்த்துக்கொள்ளும். ஆனால் அதோடு வருகிற சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டுப்போனால், பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும்! உலை ஏறிக்கொண்டே போகும். அதனால் சூடு எல்லை மீறினால் மொத்தமாக அறுக்க, தனி தெர்மோகப்பிளோடு தனி கான்டாக்டர். ஒரு நாய் தூங்கினால் இன்னொன்று குரைக்கட்டும்.

கரண்ட்டுக்கு அடுத்த எமன் தண்ணீர். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பகல் வெளிச்சத்தில் சிவக்காது. பச்சைப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கும். அதில் ஒரு சொட்டு ஈரம் மாட்டினால் சட்டென்று ஆவியாகி, உலோகத்தை முகத்தில் அடிக்கும். நம் ஊர்க் கடற்காற்றில் எதுதான் காய்ந்திருக்கிறது? பழைய இரும்புக்கடைத் துண்டு, மூசை, இடுக்கி எல்லாவற்றையும் சூடுகாட்டிவிட்டே உபயோகிக்க வேண்டும். சிமென்ட் தரை மேல் ஊற்றும் வேலை கூடாது. அதற்குள்ளும் ஈரம் உண்டு, வெடித்துத் தெறிக்கும். காய்ந்த மணல் தட்டு வேண்டும்.

கைலி, பாலியஸ்டர் சட்டை, ஹவாய் செருப்பு மூன்றுக்கும் தடா. பருத்தித் துணி, தோல் ஷூ, முகக் கவசம். பித்தளையை உருக்கவே கூடாது. அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துப் புகையாகும், மூச்சில் போனால் குளிர் ஜுரம்.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒரு கண்டிஷன் சேர்த்தாள்: "நான் வீட்ல இல்லாதப்ப ஸ்விட்ச்சைத் தொடக்கூடாது." நான் சொன்ன அத்தனையையும்விட உருப்படியான கண்டிஷன் அதுதான். ஆள் விழுந்தால் மெயினை அணைக்க இன்னொரு ஆள் வேண்டுமே! அன்றே அவளுக்கு மெயின் ஸ்விட்ச்சைக் காட்டிக் கொடுத்தோம்.

உலையை வெறுமனே மெல்லச் சூடேற்றி, செங்கல் ஈரம் போக்கவே மூன்று நாள். அப்புறம்தான் வார்ப்பு. முதல் கப்பியில் ஊசித்துளை, இரண்டாவது கோணல், மூன்றாவது மெஷினில் ஏறியது.

மோட்டார் ஓடியதும் அக்கா முதலில் தைத்தது யார் ரவிக்கையும் இல்லை. கெட்டிப் பருத்தியில் முழுக்கைச் சட்டை, பையன் அளவுக்கு. மறந்தும் பாக்கெட் வைக்கவில்லை. "பொறி விழுந்தா அதுக்குள்ளதாண்டா போகும்" என்றாள். இது என் லிஸ்ட்டிலேயே இல்லை, சார்!