சராசரியும் ஆடி மாதமும்: இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை முன்வைத்து

நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள் மட்டும் தொடர்க.

சென்ற மாதம் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிய செய்தியைப் படத்துடன் இங்கே பகிர்ந்திருந்தேன். ஆய்வு மாணவர் சிலர் உட்பெட்டியில் ஒரே கேள்வியைக் கேட்டனர்: “ஆர்டிஎக்ஸ் 4060 புதியது, வேகமானது. அதை விடுத்து 2021ஆம் ஆண்டின் 3060ஐ ஏன் வாங்கினீர்கள்?” ஒருவர் மட்டும் வேறு கேட்டார்: “பொருளியல் ஆய்வுக்கு கிராபிக்ஸ் கார்டு எதற்கு?”

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். என் ஆய்வுக்கு இந்தக் கார்டினால் ஒரு பயனும் இல்லை. குடும்பங்களின் நுகர்வுச் செலவு பற்றிய தரவுகளை வைத்து நான் செய்யும் கணக்குகளைக் கணினியின் பிராசசரே செய்து முடித்துவிடும். கார்டை வாங்கியது விளையாடுவதற்காக மட்டுமே. முப்பது வயதை நெருங்கும் ஆய்வாளன் ஒருவன் இதைப் பொதுவில் ஒப்புக்கொள்வதற்குச் சிறிது துணிவு வேண்டியிருக்கிறது. நம் துறைகளில் புத்தகம் வாங்கினால் பெருமையாகச் சொல்வோம். விளையாட்டுக்குச் செலவிட்டால் ‘மெஷின் லேர்னிங் பழகலாம் என்று’ என ஒரு காரணத்தை முன்னால் நிறுத்துவோம். அப்பா தொலைபேசியில், “ஆராய்ச்சிக்குத்தானே தம்பி?” என்று கேட்டபோது நானும் “ஆமாப்பா” என்றுதான் சொன்னேன். அந்தப் பொய்க்குப் பின்னர் வருகிறேன்.

பணம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து மாதங்களாக வராதிருந்த ஆய்வு நல்கை மே மாதத்தில் மொத்தமாக வந்து சேர்ந்தது. எவருடைய மேசையில் கோப்பு தங்கியது என்பது இந்தப் பதிவின் பொருளன்று. அந்த ஐந்து மாதங்களில் விடுதி உணவகத்தின் பாக்கிக்குத் தாமதக் கட்டணம் ஏறியது. மூக்குக் கண்ணாடி மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன். என்னைவிட ஏழு வயது இளையவனான, தேனிப் பக்கத்து மாணவன் ஒருவனிடம் மூன்று தவணைகளாகக் கடன் வாங்கினேன். தொகை வந்ததும் கடன்களில் பெரும்பகுதியை அடைத்தேன். எஞ்சியதைப் பார்த்தபோது, நான்கு ஆண்டுகளாக ஒத்திப்போட்ட ஆசை நினைவுக்கு வந்தது.

டெல்லியில் இத்தகைய ஆசைகளுக்கு உரிய இடம் நேரு பிளேஸ். மே மாத வெயிலில் அந்தக் கல் பாவிய முற்றத்தைக் கடந்து, மாடிப்படி ஏறி, நான்கு கடைகளில் விலை விசாரித்தேன். ஒரு கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது இது: 3060, 12 ஜிபி, 26,000 ரூபாய், 4060, 8 ஜிபி, 29,500 ரூபாய். “சார், புதுசு எடுங்க. யோசிக்கவே வேண்டாம்” என்று இந்தியில் சொன்னார். நான் யோசிப்பதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இரண்டும் என்விடியா நிறுவனத்தின் கார்டுகள். ஒரே படிநிலையில் அடுத்தடுத்த இரு தலைமுறைகள். 3060 வெளிவந்தது 2021 பிப்ரவரியில், அறிவிக்கப்பட்ட விலை 329 டாலர். 4060 வந்தது 2023 ஜூனில், 299 டாலருக்கு. பழையது 170 வாட் மின்சாரம் இழுக்கும். புதியதற்கு 115 வாட் போதும். இவ்வளவும் புதியதற்குச் சாதகமானவை. பெரும்பாலான விளையாட்டுகளில், 1080பி திரையில், 4060 ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வேகமாகவும் இயங்குகிறது. டிஎல்எஸ்எஸ் 3 என்னும் வசதியின் வழியாக, வரைந்த இரு பிரேம்களுக்கு நடுவே தானே ஒரு பிரேமை உண்டாக்கிச் செருகவும் வல்லது. 3060க்கு அந்த வசதி வழங்கப்படவில்லை.

ஆனால் நினைவகத்தில் கணக்கு தலைகீழாகிறது. பழையதில் 12 ஜிபி. புதியதில் 8 ஜிபி. நினைவகத்திற்குச் செல்லும் பாதையும் பழையதில் 192 பிட் அகலம், புதியதில் 128 பிட். அதனால் நொடிக்கு 360 ஜிபி தரவை 3060 கையாளும். 4060 கையாள்வது 272 ஜிபி. இந்தக் குறையை ஈடுகட்ட, 4060இன் சிப்புக்குள்ளேயே 24 எம்பி அளவுக்குப் பெரிய கேஷ் வைத்திருக்கிறார்கள். 3060இல் அது 3 எம்பி மட்டுமே. அடிக்கடி வேண்டிய தரவு கேஷிலேயே கிடைத்துவிடுவதால் குறுகிய பாதை பெரும்பாலும் உறுத்துவதில்லை. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

தேனித் தம்பியிடம் 4060 இருந்தது. எதிர் அறை நண்பர், படங்களைக் கொண்டு மாதிரிகளைப் பயிற்றுவிப்பதற்காக 3060 வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை இரவு இரண்டும் என் மேசைக்கு வந்தன. என் கணினி பழையது: ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றை மாற்றி ஒன்றாகப் பொருத்தி விடியும்வரை விளையாடினோம்.

சைபர்பங்க் 2077இல் 4060 தெளிவாக முந்தியது. எல்டன் ரிங்கில் வேறுபாடே புலப்படவில்லை; அந்த விளையாட்டு நொடிக்கு 60 பிரேம்களோடு தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது. பிறகு ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதற்பகுதியைத் திறந்து, டெக்ஸ்சர் தரத்தை உச்சத்தில் வைத்தோம். எவ்வளவு நினைவகம் தேவைப்படும் என்பதைக் காட்டும் பட்டை ஒன்று அதன் செட்டிங்ஸ் பக்கத்திலேயே உண்டு. அது 8 ஜிபியைக் கடந்து நின்றது. ஆடத் தொடங்கினோம். 4060இல் சராசரி எண் அப்போதும் அழகாகவே இருந்தது. ஆனால் ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குத் திரும்பும் போதெல்லாம் படம் ஒரு கணம் உறைந்து, பின்னர் துள்ளியது. 3060இல் சராசரி குறைவு. அந்தத் துள்ளல் இல்லை.

“அண்ணே, ஆவரேஜப் பாக்காதீங்க. ஒன் பர்சென்ட் லோவப் பாருங்க” என்றான் தம்பி.

இந்த அளவை அறியாதவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஒரு நொடி என்பது 1000 மில்லி நொடிகள். அதற்குள் 60 பிரேம்கள் சீராக வந்தால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி நொடிகள். கண் அதை ஓட்டமாகவே உணரும். இன்னொரு கார்டு அதே நொடியில் 80 பிரேம்கள் தருவதாகக் கொள்வோம். அவற்றில் 79 பிரேம்கள் தலா 10 மில்லி நொடிகளில் வந்துவிடுகின்றன. எஞ்சிய ஒன்று மட்டும் 210 மில்லி நொடிகள் எடுத்துக்கொள்கிறது. சராசரிப்படி இரண்டாவதே சிறந்த கார்டு. ஆனால் ஆடுபவன் அந்த 79 பிரேம்களை நினைவில் கொள்வதில்லை. நொடியில் ஐந்திலொரு பங்கு உறைந்து நின்ற அந்த ஒரு பிரேமில்தான் எதிரி சுட்டுவிடுகிறான். மிக மெதுவாக வந்த ஒரு விழுக்காட்டுப் பிரேம்களைத் தனியே பிரித்து அளப்பதே ‘ஒன் பர்சென்ட் லோ’.

உறைதலின் காரணமும் எளியது. கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்தால், மிஞ்சியவை கணினியின் பொது நினைவகத்தில் தங்குகின்றன. வேண்டும்போது மதர்போர்டின் பிசிஐஇ பாதை வழியே வர வேண்டும். 4060 அந்தப் பாதையில் எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. 3060 பதினாறையும் பயன்படுத்துகிறது. என் மதர்போர்டு மூன்றாம் தலைமுறைப் பாதை கொண்டது. அதில் எட்டுத் தடங்கள் வழியே நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபிதான் செல்லும். கார்டுக்குள் 272 ஜிபி வேகத்தில் கிடைத்த பொருள், வெளியே வைத்ததும் 8 ஜிபி வேகத்தில் வந்து சேர்கிறது. நான்காம் தலைமுறைப் பாதை உள்ள புதிய மதர்போர்டில் இது இருமடங்காகும், தொல்லையும் குறையும். ஆகவே ஒரே கார்டு, தம்பியின் கணினியிலும் என் கணினியிலும் ஒரே கார்டாக இருப்பதில்லை. இணையத்தில் நாம் காணும் ஒப்பீடுகள் பெரும்பாலும் மிகப் புதிய பிராசசரிலும் மதர்போர்டிலும் செய்யப்படுபவை.

டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கியதும் 4060இல் துள்ளல் நின்றுவிட்டது என்பதையும் நேர்மையாகப் பதிய வேண்டும். இதில் 8 ஜிபி பயனற்றது என்ற முடிவுக்கு இடமில்லை. இன்று ஒரு படி இறக்கினால் போதும். மூன்றாண்டுகள் கழித்து எத்தனை படிகள் இறக்க வேண்டியிருக்கும் என்பதே வாங்குபவன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பிரேம்களைச் செருகும் வசதியும் தனக்கென்று நினைவகத்தில் இடம் கேட்கிறது. மேலும், அது திரையில் காட்டும் எண்ணைத்தான் உயர்த்துகிறது. விசையை அழுத்தியதற்கும் திரையில் கை அசைவதற்கும் இடையிலான நேரத்தைக் குறைப்பதில்லை, சற்றுக் கூட்டவே செய்கிறது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தம்பி சொன்ன வாக்கியத்தை வேறெங்கோ கேட்டிருப்பதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது.

என் அப்பா தையற்காரர். தீபாவளிக்கு முந்தைய இரு வாரங்கள் எங்கள் வீட்டில் மின்விளக்கு அணைந்ததில்லை. தையல் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டுக்கொண்டே நாங்கள் உறங்குவோம். பொங்கலும் வைகாசி முகூர்த்தங்களும் அப்படியே. ஆடி பிறந்தால் இயந்திரத்தின் மீது துணி போர்த்தி விடுவார். திருமணம் இல்லை, ஆகவே ரவிக்கை தைக்க வருவாரும் இல்லை. மளிகைக் கடையின் கடன் நோட்டு அந்த மாதத்தில்தான் எங்கள் பெயரில் பக்கம் திருப்பும். கல்விக் கடனுக்காக வங்கியில் ஆண்டு வருமானம் கேட்டபோது அப்பா சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: “வருசத்துக்குக் கூட்டிப் பாத்தா நானும் வாத்தியார் மாதிரிதான் சம்பாதிச்சிருக்கேன். ஆடியில வாத்தியாருக்குச் சம்பளம் வரும். எனக்கு வராது.”

நான் ஆய்வு செய்வது குடும்பங்களின் நுகர்வுச் செலவை. மூன்றாண்டுகளாக மாதச் சராசரிகளை வைத்து அட்டவணைகள் இட்டுக்கொண்டிருக்கிறேன். என் நல்கையும் சராசரிக் கணக்கில் குறைவின்றி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஐந்து மாதத் தொகையை ஐந்தால் வகுத்தால் மாதத்திற்கு உரியது உரியபடி கிடைத்திருக்கிறது. ஆனால் விடுதி உணவகம் சராசரியை வாங்கிக்கொள்வதில்லை. பிப்ரவரி மாதத்துக் காசை அது பிப்ரவரியில் கேட்கிறது. குடும்பம் ஒன்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும், தோட்டை அடகு வைப்பதும் அந்த ஒரு விழுக்காட்டு நாட்களில்தான் நடக்கின்றன. பள்ளத்தின் ஆழத்தை அளப்பதற்கு என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் கூட இல்லை என்பது, விளையாட்டின் நடுவே எனக்குப் புலப்பட்டது. மறுவாரம் நெறியாளரிடம் பேசினேன். இப்போது அந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். கார்டு ஆய்வுக்குப் பயன்படாது என்று மேலே எழுதியதை இதற்காகத் திருத்தப்போவதில்லை.

3060ஐ வாங்கினேன். இழப்புகளையும் சொல்லிவிட வேண்டும். அது இழுக்கும் கூடுதல் 55 வாட் முழுவதும் வெப்பமாகவே அறைக்குள் இறங்குகிறது. டெல்லியின் ஜூன் மாதத்தில், மின்விசிறி மட்டும் உள்ள விடுதி அறையில், அது சிறிய செய்தியன்று. நாளுக்கு மூன்று மணி நேரம் ஆடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 யூனிட் மின்சாரம் கூடுதலாகும். பெரும்பாலான விளையாட்டுகளில் தம்பியின் கணினி என்னுடையதைவிட வேகமாக ஓடுவதை ஒவ்வொரு வாரமும் காண்கிறேன். சிறிது பொறாமையும் உண்டு.

உட்பெட்டியில் கேட்டவர்களுக்கு என் பரிந்துரை இவ்வளவே. கவுண்டர்-ஸ்டிரைக் 2, வாலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளை 1080பி திரையில் ஆடுபவர், நான்காம் தலைமுறைப் பாதையுள்ள மதர்போர்டு வைத்திருப்பவர், வெப்பத்தையும் மின்கட்டணத்தையும் எண்ணுபவர் தயங்காமல் 4060 வாங்கலாம். தம்பியின் தேர்வு அவனுக்குச் சரியானதே. பழைய மதர்போர்டில் பொருத்துபவர், பெரிய கதை விளையாட்டுகளை உயர்ந்த டெக்ஸ்சருடன் நிதானமாக ஆடுபவர், அடுத்த கார்டுக்கான பணம் எப்போது வரும் என்று சொல்ல இயலாதவர் 3060ஐக் கருதலாம். ஆனால் பெட்டியின் மேல் 12 ஜிபி என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். அதே பெயரில் 8 ஜிபி வடிவம் ஒன்றும் உண்டு. அதன் பாதை 128 பிட், வேகமும் குறைவு. மலிவாகக் கிடைக்கும் பழைய கார்டுகளில் எச்சரிக்கை தேவை. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் தன் முறையை மாற்றும்வரை, இரவு பகலாக நாணயம் அகழ்ந்து களைத்த கார்டுகள் அவற்றுள் பல. வாரண்டிச் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம்.

போன ஞாயிறன்று அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். விளையாடத்தான் வாங்கினேன், 26,000 ரூபாய் ஆயிற்று என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “கடனையெல்லாம் அடைச்சிட்டுத்தானே வாங்கின?” என்று கேட்டார். தேனித் தம்பிக்கு இன்னும் 3,000 தர வேண்டும் என்றேன். “அதை மொதல்ல குடு” என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் போனைக் கொடுத்தார்.

நேற்று கொடுத்துவிட்டேன். இம்மாத நல்கை இன்னும் வரவில்லை. ஊரில் ஆடி பிறந்திருக்கிறது.